உத்திரமேரூரில் மைனஸ் ஆழம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று பேரைக் கள ஆய்வுக்கு அனுப்பினார்கள். மேலாளர் ராகவுக்கு தைபே, என் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு பெர்லின், எனக்கு உத்திரமேரூர்.
2. நான் எழுதிய இணையப் பக்கத்தை அங்கே டைப்ரைட்டிங் படிக்கிறவர்களிடம் கொடுத்துச் சோதித்தேன்.
3. பக்கம் தவறாக வேலை செய்தது.
4. தவறாக வேலை செய்த கீபோர்டின் முன்தான் வரிசை நின்றது.
5. தவறைத் திருத்தினேன்.
6. திருத்தியதை மறுபடி கெடுக்க ஒரு பேருந்து, ஒரு சமையல் வேன், ஒரு வாட்ச்மேன் தேவைப்பட்டார்கள்.
7. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

சாதாரண கீபோர்டுக்கு இரண்டே செய்திதான் தெரியும்: விசையை அழுத்தினார்கள், விட்டார்கள். எங்களிடம் வருவது வேறு ரகம். ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு காந்தம், அதை உணர ஒரு சில்லு. விசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அது ஓயாமல் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் மாதிரி. விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்த பொருள். பாதி அழுத்தினால் திரையில் இருப்பவன் நடப்பான், முழுக்க அழுத்தினால் ஓடுவான். அந்த எண்களை பிரவுசருக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் படித்து, கோடுகளாக வரைந்து, எந்த ஆழத்தில் எழுத்து விழ வேண்டும் என்பதை கீபோர்டுக்கே திருப்பி எழுதி வைப்பது என் பக்கத்தின் வேலை. எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் போதும்.

திறந்தால் மட்டும் போதாது என்பது பிரவுசரின் கட்சி. ஒரு மனித விரல் பொத்தானைத் தொட வேண்டும். தொட்ட பிறகுதான், "இந்தக் கருவியை இந்தப் பக்கம் படிக்கலாமா?" என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். யாரும் தொடாமல் நிரல் தானாகக் கேட்டால் காது கேட்காதது போல இருந்துவிடும். இந்த மரியாதை ராகவை உருக்கிவிட்டது. "சம்மதம்" என்று ஒரு ஸ்லைடு செய்து, அதில் உத்திரமேரூர்க் கல்வெட்டின் படத்தைப் போட்டார். குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊரைவிட அனுமதிப் பெட்டியைச் சோதிக்கப் பொருத்தமான ஊர் எது என்று கூட்டத்தில் கேட்டார். அவருடைய தைபே டிக்கெட் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். நான் பொள்ளாச்சிக்காரி. தமிழ்நாட்டுக்குள்தான் போகிறேன் என்ற நம்பிக்கை பேருந்திலேயே தளர்ந்தது. ஏறி என் முன் இருக்கைக்கு வந்த ஓர் அம்மாள், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார்: "தள்ளிக் குந்துமே. நீ இன்னா பஸ்ஸ வெலைக்கு வாங்கிக்கினியா?"

என் ஊர்ப் பேச்சுக்கு மாற்றினால்: "ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தீங்கன்னா நானும் உக்காந்துக்குவனுங்க." பொள்ளாச்சியில் இதைக் கேட்டவர் நகர்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இங்கே அந்தப் பெண் உடனே நகர்ந்ததோடு, கையிலிருந்த வேர்க்கடலையிலும் பாதியைக் கொடுத்தார். இருவரும் அதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது என்பது, அடுத்து அவர்கள் ஊர் பெயர் விசாரித்துக்கொண்டதில் தெரிந்தது.

நான் போன இடம் வசந்தா மேடத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், அவர் வீட்டின் முன்பகுதி. எனக்கு மாடியில் ஓர் அறை. அவர் கணவர் நெல்லைப் பார்த்துக்கொள்கிறார். மேடம் ஊராரின் விரல்களைப் பார்த்துக்கொள்கிறார். டைப்ரைட்டிங் எல்லாம் இன்னும் யார் படிக்கிறார்கள் என்று கேட்கும் நகரத்தார் ஒருநாள் காலை அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். நிற்கவும் இடம் கிடைக்காது. அரசுத் தேர்வுக்குத் தட்டச்சுச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஆகவே படிக்கிறார்கள். மெஷின் வரிசை ஒருபுறம், கம்ப்யூட்டர் வரிசை மறுபுறம். எல்லா விரல்களும் ஒரே பாடத்தில் தொடங்கியவை: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே.

அங்கே இரண்டு சட்டங்கள். ஒன்று, மணி அடிப்பதற்கு முன்பே விரல்கள் நடுவரிசையில் அமர்ந்திருக்க வேண்டும். மணி அடித்த பிறகு விரலைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு, மவுஸை மேடம் தவிர யாரும் தொடக் கூடாது. தொட்டு உடைத்த வரலாறு இருக்கிறது போலும். கம்ப்யூட்டரில் எதைத் திறக்க வேண்டுமானாலும் மேடம் வந்து, மாணவியின் தோளுக்கு மேலாகக் கை நீட்டிச் சொடுக்கிவிட்டுப் போவார்.

"அனுமதி கொடுக்கிறவர் அவரவர் கையால் கொடுக்கணுங்க, மேடம்," என்றேன்.

"எங்க பொண்ணுங்களுக்கு நான்தாம்மா பர்மிஷன். அவங்க அப்பன் ஆத்தாளே என்னக் கேட்டுகினுதான் அனுப்புறாங்க."

பிரவுசர் விரல் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறது, யாருடைய விரல் என்று கேட்பதில்லை. அன்றைய அறிக்கையில் "சம்மதம்: சிக்கல் இல்லை" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா, இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் வடை மீந்தால் தயிரில் போடுவோம். இவர்கள் வடகறிக்காகவே வடை சுட்டுப் பிய்த்துப் போடுகிறார்கள். ஒரு பொருளை முழுதாகச் செய்துவிட்டு அதை உடைத்து இன்னொன்று செய்யும் இந்த முறை, எங்கள் துறையில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

இரண்டு கீபோர்டுகள் கொண்டுபோயிருந்தேன். வெள்ளையை முந்தின மாலையே நான் இணைத்து வைத்திருந்தேன். கறுப்பை வகுப்பு தொடங்கும்போது மேடம் சொடுக்கி இணைத்தார். மணி அடித்தது.

வெள்ளைக்கு முன் உட்கார்ந்த பெண் விரல்களை வைத்தாள், அவ்வளவுதான். திரையில் எழுத்து மழை. மயிரிழை ஆழத்திலேயே எழுத்து விழும் என்பது இந்த கீபோர்டின் பெருமை. விரலை மேலே சும்மா வைத்தாலும் விழும் என்பதை விளம்பரத்தில் சொல்வதில்லை. விளையாடுகிறவர்கள் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பது கிடையாது. உத்திரமேரூரில் காத்திருப்பதுதான் முதல் பாடம். வரி முடிந்ததும் அந்தப் பெண்ணின் இடது கை தானாக எழுந்து, இல்லாத டைப்ரைட்டர் நெம்புகோலைத் தள்ளி, என் தண்ணீர் பாட்டிலைக் கீழே உருட்டியது.

கறுப்பில் பிரச்சினையே இல்லை. விரல்கள் அமர்ந்திருந்தன, எழுத்து சுத்தமாக வந்தது. ஆனால் நான் வரைந்த கோடுகள் பைத்தியம் பிடித்து ஆடின. விரலை எடுத்தால் விசையின் ஆழம் பூஜ்யத்துக்குக் கீழே போனது. மைனஸ் இருபது. மைனஸ் முப்பது.

"இன்னாம்மா இது? கீ மேல பறக்குதா?" என்றார் மேடம்.

தைபேயிலிருந்து ராகவும் அதையே ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு விசையை எப்படி மேல்நோக்கி அழுத்த முடியும்? விளக்கம் வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் யாரோ நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

விளக்கம் தெரியாததால், தெரியாதவர்கள் செய்வதைச் செய்தேன்: தூசி தட்டினேன், கேபிளை மாற்றினேன், பேருந்துக் குலுக்கலைக் குறை சொன்னேன். இதற்குள் பெண்கள் எல்லோரும் கறுப்பின் முன் வரிசை கட்டிவிட்டார்கள். வெள்ளை சும்மா கிடந்தது.

அந்த வரிசையில்தான் எஸ்தர் இருந்தார். வயது முப்பதுக்குப் பக்கம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதாம். மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன, கீழே அழுத்தவும் முடியும். மேலே தூக்கத்தான் முடியாது. சாதாரண கீபோர்டில் அந்த இரு விரல்களும் 'எல்' மேலும் செமிகோலன் மேலும் சாய்ந்து கிடக்கும். அவர் எதை அடித்தாலும் நடுவே எல்லும் செமிகோலனுமாய்ச் சிதறும். ஏனாத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் மருத்துவக் குறிப்புகளைப் பதிவு செய்யும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். சனிக்கிழமை அதற்குத் தேர்வு. வேகம் இருந்தது, பிழைகளும் இருந்தன, வேண்டிய அளவுக்கு மேல்.

அவர் முறை வந்ததும் மேடம் கறுப்பை மறுபடி இணைத்துவிட, அவர் ஒரு பக்கம் அடித்தார். ஒரு எல் அதிகம் இல்லை. ஒரு செமிகோலன் அதிகம் இல்லை.

எஸ்தர் திரையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இன்னா மந்திரம் போட்ட?"

"எதுவும் போடலீங்க. இது தப்பா வேலை செய்யுதுங்க."

"தப்பா கீதா? அப்ப சரி பண்ணிடாத."

புதன்கிழமை விஷயம் புரிந்தது. கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மேடம் கறுப்பை மறுபடி இணைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். வெயிலுக்கும் குளிருக்கும் காந்தம் கொஞ்சம் மாறும் என்பதால், இணைந்த கணத்தில் ஒவ்வொரு விசையும் எங்கே நிற்கிறதோ அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். எழுதிய எனக்கும், சோதித்த அனைவருக்கும் அந்தக் கணத்தில் கை மவுஸ் மேல் இருக்கும். கீபோர்டின் மேல் யார் கையும் இருக்காது. ஒருவர் விரல்களை நடுவரிசையில் ஊன்றிக்கொண்டு சிலையாக இருக்க, இன்னொருவர் தோளுக்கு மேலாக வந்து சொடுக்குவார் என்று எந்த ஊரிலும் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஊன்றிய எடைதான் பூஜ்யமாகப் பதிவாகிவிட்டது. விரலை எடுத்தால் மைனஸ். சாய்ந்து கிடக்கும் விரல் கணக்கில் வராது. அதற்கும் மேல் அழுத்தினால்தான் எழுத்து.

எஸ்தரின் விரல்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு பிழை.

ராகவிடம் சொன்னேன். மிக முக்கியமான பிழை, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி வெளியிட வேண்டும் என்றார். அதை ஒரு விருப்ப வசதியாக வைத்துக்கொள்ளலாமே என்றேன். எத்தனை பயனர்களுக்குத் தேவை என்று கேட்டார். ஒருவருக்கு என்றேன். வசதி என்றால் அதற்குப் பெயர் வேண்டும், பெயருக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு பெர்லினில் இருப்பவன் விழித்திருக்க வேண்டும் என்றார். அவன் விழித்திருந்த நேரத்தில் ராகவ் தூங்கிவிட்டார். கல்வெட்டு ஸ்லைடு மட்டும் எல்லோருக்கும் மறுபடி அனுப்பப்பட்டது.

வியாழக்கிழமை எஸ்தர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. அவருடைய அம்மா அறுவடைக் கூலிக்குப் போய்விட்டு மதியம்தான் திரும்பியிருந்தார்.

"கவிச்சி துன்னுமா இந்தப் பொண்ணு?" என்று என்னை நிற்க வைத்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"சாப்பிடுவனுங்கம்மா."

"இன்னாடி, ராசாத்தி மாதிரி பேசுது!"

"அது அப்படித்தாம்மா. திட்டுனாக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டும். நம்ம ஊர்ல அதுக்குள்ள நாலு சண்ட முடிஞ்சி ராசியாயிருப்பாங்க."

கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குழம்பின் காரம்தான் தெரியாது. கண்ணில் நீர் வர, எஸ்தரின் அம்மா சொம்பை நகர்த்தினார். சாப்பிட்டு முடித்த பிறகு, எஸ்தர் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்: "அந்தப் பொட்டி இருந்தா இவ பாசாயிடுவாளா? ரெண்டு வாட்டி போயி திரும்பி வந்துட்டா. இந்த வாட்டியும் வந்தான்னா, என்னோட நடவுக்கு வரேன்றா. அந்தக் கைய வெச்சிகினு நாத்து புடிக்க முடியுமா, நீயே சொல்லு."

சனிக்கிழமை நானே கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பியதும் வசந்தா மேடம் கேட்டார்: "எங்கம்மா துன்ன மத்தியானம்?"

"எஸ்தர் வீட்டிலீங்க. கருவாட்டுக் குழம்பு."

"ஓ," என்றார். அதுவரை சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை தட்டு மாடிக்கு வந்துவிட்டது. மேடத்துக்கு எஸ்தர் மேல் பிரியம் இல்லை என்று சொல்ல முடியாது. வேலைக்காக இரண்டு இடத்தில் அவரே பேசியிருக்கிறார். அந்தப் பிரியம் இன்ஸ்டிட்யூட் வரை வரும், அடுப்படிக்கு வராது. பிரவுசரைப் போலவே மேடமும் யாரை எதுவரை விடலாம் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார். பிரவுசர் கேட்டால் காரணமாவது சொல்லும்.

வெள்ளிக்கிழமை திருத்திய பக்கத்தை வெளியிட்டேன். புதிய பக்கம், இணைந்ததும் "கையை எடுங்கள்" என்று சொல்லும். எல்லா விசைகளும் ஓய்ந்த பிறகுதான் பூஜ்யத்தை எடுத்து கீபோர்டில் எழுதும். ஆனால் கறுப்பில் எஸ்தரின் பழைய பூஜ்யம் பதிந்திருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அது அப்படியே இருக்கும், யாரும் என் பக்கத்தைத் திறக்காத வரை. ஆகவே, என் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயனரிடம் என் பக்கத்தைத் தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எஸ்தர் சரி என்றார். இன்ஸ்டிட்யூட்டில் சாயங்காலம் வரை பழகிவிட்டு, கீபோர்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கேட்டுக்கொள்ள வேண்டியவர் இன்னொருவர் இருந்தார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை கறுப்பை எடுத்துக்கொண்டு இருவரும் காஞ்சிபுரம் பேருந்தில் ஏறினோம். ஓரிக்கைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி, அடியில் குனிந்து பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் புளியமர நிழலுக்குப் போனார். எங்கள் ஊரில் நடத்துநர் வந்து வருத்தம் தெரிவிப்பார். வண்டி மட்டும் கிளம்பாது. இங்கே நடத்துநர் நேராகச் சாலைக்கு நடுவில் போய் நின்று, வந்த முதல் வண்டியை மறித்தார். கல்யாணச் சமையல் வேன்.

"யோவ், ரெண்டு பொம்பளைங்க பரிச்சைக்குப் போவுது. ஏத்திகினு போ."

"எடம் எங்க கீது? அண்டா கீது."

"அண்டாக்குள்ள குந்தும். நீ போ."

அண்டாக்களுக்கு நடுவே குந்தினோம். தூசி படாமலிருக்க எஸ்தர் கீபோர்டை இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடினார். பாலம் ஏறும்போது ஒரு பித்தளை மூடி சரிந்து என் லேப்டாப்பின் ஓரத்தில் விழுந்தது. கேபிள் செருகும் வாய் கொஞ்சம் நெளிந்தது. கீழே பாலாற்றில் வழக்கம்போல மணல். அப்போது வசந்தா மேடத்திடமிருந்து போன். பாராட்டுவதற்காக.

"ஏம்மா, நல்லா சரி பண்ணிட்டியே! நேத்து எங்க நாத்தனார் வந்துச்சு, அந்தக் கோடு ஏறி எறங்கற வேடிக்கைய காட்டலாம்னு கறுப்புப் பொட்டியில உன் பக்கத்த தொறந்தேன். கைய எடுன்னு சொல்லிச்சு, எடுத்தேன். இப்ப கோடு கீழ எறங்கவே மாட்டேங்குது. பேஷ், பேஷ்!"

மேடத்தின் குரல் போனை விட்டு வெளியேயும் கேட்கும். நன்றி சொல்லி வைத்தேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பரையைப் பார்த்தார்.

"போச்சா?"

"போச்சுங்க."

"அந்த மேடம் நேத்துதானா நாத்தனாருக்கு சர்க்கஸ் காட்டணும்?" என்றார். மடியில் இருந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். அவருடைய அம்மா சொன்ன நாற்று எனக்கு ஞாபகம் வந்தது.

மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். பழைய நிரல் என் லேப்டாப்பில் இருந்தது. இணையத்தில் உள்ள பக்கத்தைத்தான் திருத்தியிருந்தேன். என் லேப்டாப்பிலிருந்தே பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் நம்பும், சொந்த வீட்டு ஆளை நம்புவதுபோல. ஆனால் குலுங்கும் வேனில் எடுத்தால் குலுக்கலும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். அசையாத தரை வேண்டும். எஸ்தரின் விரல்கள் ஊன்றியிருக்க வேண்டும். தேர்வு தொடங்கும் முன் முடிக்க வேண்டும்.

அசையாத தரை கம்பெனி வாசலில் கிடைத்தது. வாட்ச்மேன் மேசை.

"பென் டிரைவ், செல்போன், லேப்டாப்பு எதுவும் உள்ள போவக் கூடாது," என்றார் வாட்ச்மேன், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"லேப்டாப் உள்ளே வராதுங்கண்ணா. கீபோர்டு மட்டும்தானுங்க. ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டோமுங்க, சரின்னு சொல்லியிருக்காங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"கேட்டுக்குங்க. அதுவரைக்கும் இந்த மேசையில ஒரு நிமிஷம் வேலை இருக்குதுங்க."

அவர் உள்ளே போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. எஸ்தர் அதற்குள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, வருகைப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, கீபோர்டை மேசையில் வைத்து, மணி அடிக்கப் போவதுபோல விரல்களை ஊன்றிவிட்டார். மேசையில் லேப்டாப்புக்கு இடமில்லை. இடது கையில் அதை ஏந்தினேன். நெளிந்த வாயில் கேபிள் நிற்கவில்லை; வலது கையால் அழுத்திப் பிடித்தால்தான் இணைப்பு இருந்தது. பக்கம் திறந்திருந்தது. பொத்தான் காத்திருந்தது. என் இரண்டு கையும் போயிற்று, எஸ்தரின் பத்து விரலும் அசையக் கூடாது.

"அண்ணா, நீங்க ஒரு தடவை இங்கே அமுக்கணுங்க."

"நானா? இன்னாத்துக்கு?"

"அனுமதி குடுக்கறதுக்குங்க."

"எதுனா ஆச்சின்னா என் தலதான் உருளும்."

"ஒண்ணும் ஆவாதுண்ணே," என்றார் எஸ்தர், திரும்பாமல், தலையை அசைக்காமல். "கேட்ட தொறக்கற மாதிரி நெனச்சிக்க."

"கேட்ட தொறக்கணும்னா மேலேர்ந்து சொல்லணும்."

"நீ குடுத்தாதாண்ணே நான் உள்ள போயி மேல இருக்கறவங்களயே பாக்க முடியும். அமுக்குண்ணே, வெரலு மரத்துப் போவுது."

அவர் போனைப் பார்த்தார். அது இன்னும் அடித்துக்கொண்டேயிருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பொத்தானைச் சொடுக்கினார். பெட்டி வந்தது.

"இதுல ஒரு பேரு காட்டுது."

"அந்தப் பேரைத் தொட்டு, அப்புறம் கீழே 'கனெக்ட்'ங்க."

தொட்டார். கோடுகள் தோன்றின. "கைய எடுங்க," என்றேன். எஸ்தர் எடுத்தார். நடுவரிசைக் கோடுகள் அத்தனையும் பூஜ்யத்துக்குக் கீழே சரிந்தன. மைனஸ் முப்பதைப் பார்த்து ஒரு நிரலாளர் சந்தோஷப்பட்டது அநேகமாக அதுவே முதல் தடவை.

"ஆச்சா?" என்றார் வாட்ச்மேன். "அப்ப போ. நான்தான் பர்மிசன் குடுத்துட்டேனே."

எதற்குக் கொடுத்தோம் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்திருக்கலாம். நான் தெளிவுபடுத்தவில்லை.

உள்ளே நடந்ததை எஸ்தர் பிறகு சொன்னார். கம்ப்யூட்டர் பிரிவு ஆள் கீபோர்டைச் செருகியதும் திரையில் எச்சரிக்கை வந்ததாம்: தெரியாத கருவி, தடுக்கப்பட்டது. இந்த கீபோர்டு தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்ளும். ஒன்று எழுத்துகளை அனுப்பும் சாதாரண கீபோர்டு. மற்றொன்று, ஆழத்தைச் சொல்லும் தனிக் குழாய். இரண்டாவதைத்தான் தடுத்திருக்கிறார்கள். ஆழத்தை அங்கே யாரும் படிக்க வேண்டியதில்லை. எஸ்தரின் பூஜ்யம் கீபோர்டுக்குள்ளேயே இருந்தது. பாதிக் கருவியை வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பாதியோடு அவர் தேர்வை எழுதினார்.

நான் வெளியே டீக்கடையில் இருந்தேன். எஸ்தர் வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சுங்க?"

"பசிக்குது. பிரியாணி வாங்கிக் குடு, சொல்றேன்."

"சொன்னாத்தானுங்க பிரியாணி."

"இன்னாமே, கோயம்புத்தூர்க்காரி உஷாராயிட்ட?" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிரியாணி வரும்வரை அம்மாவுக்கு போன் போட்டார். மறுமுனையில் அந்த அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை. எஸ்தர் மட்டும், "ஆமாம்மா," "ஆமான்றேன்ல," "அழாத, அப்பறம் நானும் அழுவேன், எதிர்ல சோறு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலவரம்: எஸ்தர் வேலையில் சேர்ந்துவிட்டார். சொந்த கீபோர்டு கொண்டுவர அவர் கொடுத்த விண்ணப்பம் அந்தக் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறது. அதுவரை தற்காலிகமாக அனுமதித்திருக்கிறார்கள். என் பக்கத்தில் ஊன்றிய விரல்களைப் பூஜ்யமாக எடுக்கும் வசதியை இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு சேர்த்துவிட்டேன். தேர்ந்தெடுத்தால்தான் வேலை செய்யும், பெயர் இன்னும் முடிவாகவில்லை. கறுப்பு கீபோர்டு எஸ்தரின் மேசையில் இருக்கிறது, எங்கள் அலுவலகப் பதிவில் மட்டும் என்னிடம் உள்ள பொருளாக இருக்கிறது. வேலையை விடுகிறவர்கள் தங்களிடம் உள்ள பொருள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எஸ்தர் அந்த வேலையில் இருக்கும்வரை நான் இந்த வேலையில் இருந்தாக வேண்டும்.